பேரிங் வெளியே, பிரேம் பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம். மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியே சஸ்பென்ஷன் உள்ள வகை ஒன்று உண்டு. அதில் பின்சக்கரத்தைத் தாங்குகிற பகுதி, கீலில் ஆடும் கதவுபோல மேலும் கீழும் ஆடும். அந்தக் கீல்களுக்குள் உட்கார்ந்திருப்பவைதான் பிவட் பேரிங்குகள். தேய்ந்துபோன பிவட் பேரிங்கைப் பிரேமுக்குச் சேதமில்லாமல் எப்படி வெளியே எடுப்பது என்றுதான் இன்று பேசப் போகிறேன்.

சக்கரத்தில் இருக்கிற பேரிங் ஒரே சவாரியில் ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. பிவட் பேரிங்கோ ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. சில டிகிரி போகும், திரும்ப வரும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் பல சைக்கிள்களில் முதலில் கெட்டுப்போவது பிவட் பேரிங்தான். காரணமே அது சுற்றாததுதான். உள்ளே இருக்கிற பால்ரஸ் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அசைவதால், தங்களுக்கு அடியில் இருக்கிற கிரீஸைத் தாங்களே ஒதுக்கிவிடுகின்றன. கல்லிலும் வேரிலும் வாங்குகிற ஒவ்வொரு அடியும் அதே சில புள்ளிகளில் விழுகிறது. அங்கே குழி விழுகிறது. சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் துருவும் சேர்ந்துகொள்ளும். பிவட்டுக்கென்றே 'மேக்ஸ்' என்று ஒரு வகை பேரிங் வருவது இதனால்தான். குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூண்டு அதில் இருக்காது. அந்த இடத்திலும் குண்டுகளையே நெருக்கி அடைத்திருப்பார்கள். பாரம் கூடுதலான குண்டுகளில் பிரிந்து போகும்.

பேரிங் போய்விட்டதா என்று பார்க்க, சைக்கிளை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, அதன் அதிர்வைத் தாங்குகிற ஷாக்கைக் கழற்றிவிடுங்கள். இப்போது பின்பகுதியைக் கையால் தூக்கி மெல்ல இறக்குங்கள். நல்ல பேரிங் என்றால் கையில் எதுவுமே தெரியாது. கெட்டது என்றால், மணல் கலந்த மாவை அரைப்பதுபோல ஒரு கரகரப்பு விரல்வரைக்கும் வரும். சில சமயம் ஓர் இடத்தில் சிக்கி நின்று, டக்கென்று தாண்டும்.

அப்புறம் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றக் கழற்றப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கின் மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்போதே எழுதி வைத்துவிடுங்கள். 6902 என்று இருந்தால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 28, அகலம் 7. வெளியே எடுக்கும்போது மூடி கிழிந்துவிடலாம். அதற்குப் பிறகு எண்ணைத் தேடிப் பயனில்லை.

நான் முதன்முதலில் ஒரு பிவட் பேரிங்கை எடுத்தபோது கையில் இருந்தது ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும்தான். பின்னால் இருந்து விட்டு, ஓர் ஓரத்தில் தட்டினேன். மேசை இழுப்பறையை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நிற்குமே, அப்படியே நின்றது பேரிங். இன்னும் பலமாகத் தட்டினேன். துருப்பிடித்த கூண்டு நொறுங்கி, குண்டுகள் தரையெங்கும் ஓடின. உள் ரேஸ், அதாவது குண்டுகளுக்கு உட்பக்கம் இருக்கிற எஃகு வளையம், மட்டும் வெளியே வந்தது. வெளி வளையமான வெளி ரேஸ் பிரேமுக்குள்ளேயே தங்கிவிட்டது. பேரிங் உட்காரும் துளையின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் நுனி பதிந்த தழும்பு. பேரிங் என்பது மாற்றுவதற்காகவே செய்யப்பட்ட பொருள், பிரேம் அப்படியல்ல. அந்தத் தழும்பைப் பார்த்த அன்றோடு பிவட் வேலைக்கு ஸ்க்ரூடிரைவரை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

எனவே முதலில் டார்ச் அடித்துத் துளையை நன்றாகப் பாருங்கள். பேரிங்கைத் தடுத்து நிறுத்துகிற விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது? வளையக் கிளிப் ஏதாவது போட்டிருக்கிறதா? கிளிப்பை எடுக்காமல் இழுத்தால் துளையின் சுவரே பெயர்ந்து வரலாம். பின்பக்கம் திறந்திருந்தால் வேலை எளிது. ஒரு மரை போட்ட கம்பி, இரண்டு நட்டு, சில வாஷர்கள், ஸ்பேனர் செட்டில் இருக்கிற சாக்கெட்டுகள் போதும். 28 மில்லிமீட்டர் பேரிங்குக்கு, தள்ளுகிற பக்கத்தில் 26 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு வட்டு. வாங்கிக்கொள்கிற பக்கத்தில் 30 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமுள்ள ஒரு குழல். அந்தக் குழல் துளையைச் சுற்றியுள்ள பிரேமின் முகத்தில் முழு வட்டமாகப் பதிந்து உட்கார வேண்டும். நட்டை இறுக்க இறுக்க, பேரிங் நேராக நகர்ந்து குழலுக்குள் வந்துவிடும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் அடைத்திருந்தால் விரிகிற புல்லர் வேண்டும். உள் ரேஸின் துளைக்குள் நுழைந்து, பின்னால் உதடு விரித்துக் கவ்வும் கருவி அது. இதிலும் சுத்தியல்போல அடித்து இழுக்கிற வகையைவிட, பாலம்போல நின்று திருகி இழுக்கிற வகையைத்தான் நான் விரும்புவேன். விசை எங்கே போகிறது என்று கைக்குத் தெரியும்.

இறுகிப்போயிருந்தால் சூடு உதவும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 28 மில்லிமீட்டர் துளையின் சூட்டை 60 டிகிரி கூட்டினால், பேரிங்கும் சேர்ந்து சூடானால்கூட, ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு அளவுக்கு இடம் கிடைக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த மாதிரி அளவுதான். இது அலுமினியத்துக்கு மட்டும். கார்பன் பிரேமில், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற பிசின் இளகிவிடும். அங்கே துருவிளக்கி எண்ணெய் விட்டு, ஓர் இரவு காத்திருப்பதுதான் சரி.

சரி, என் பிரேமில் மாட்டிக்கொண்ட அந்த வெளி ரேஸ் என்ன ஆயிற்று? அதன் உள்சுவரில் குண்டுகள் ஓடுகிற பள்ளம் ஒன்று இருக்கும். துளையைச் சுற்றிச் சூடேற்றி, புல்லரின் உதட்டை அந்தப் பள்ளத்தில் கவ்வவிட்டுக் கால் திருகு, கால் திருகாக இழுத்தேன். ஆறாவதோ ஏழாவதோ திருகில் 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெண்ணெயில் நகர்வதுபோல வந்துவிட்டது. அப்படியும் வராவிட்டால், சிறிய அரைக்கும் வட்டால் ரேஸின் உள்ளே ஒரு கோடு அறுப்பார்கள். முழுக்க அறுக்காமல், அலுமினியத்தைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்தி, உளியால் பிளப்பார்கள். எஃகு அவ்வளவு கடினமாக இருப்பதால் பட்டென்று வெடித்துவிடும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கை நடுங்குகிறது என்றால் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

பேரிங் வெளியே வந்ததும், வெறும் துளையைத் துணியால் துடைத்து, ஆள்காட்டி விரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்காவது விரல் தட்டினால், அந்த மேட்டை மெல்லிய எமரித் தாளால் நீவி எடுத்த பிறகே புதிய பேரிங்கைக் கையில் எடுங்கள். அதை உள்ளே வைக்கும்போது அழுத்தம் வெளி ரேஸில் மட்டும்தான் விழ வேண்டும்.

நன்றி, வணக்கம்.