கன்னுக்கு ஊற்றுகிற பால்

(கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடு வளர்ப்போர் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மாடு கன்று போட்டதும் என் அம்மாயி சொல்வது இதுதான்: "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்ட விடு." உங்கள் வீடுகளிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். மாட்டின் மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தக் காத்திருப்பில் கன்று இழப்பது அதிகம். மனிதக் குழந்தைக்கு நோயெதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். பசுவின் நஞ்சுக்கொடி அவற்றை விடாது. சீம்பாலில்தான் கன்றுக்கு அவை கிடைக்கும். அவற்றை முழுசாக உறிஞ்சும் வழி கன்றின் குடலில் மணிக்கு மணி குறுகி, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அடைத்துவிடும்.

அந்தச் சீம்பாலும் கைமாற்றுதான். சில வாரங்களில் அதன் பலம் தேய்ந்துபோகும். அதற்குள் கன்று தன் சொந்த எதிர்ப்பை வளர்த்துக்கொள்ள வேண்டும். அதை வளர்த்துவிடுவதில் பெரும் பங்கு குடலில் குடியேறும் பாக்டீரியாவுக்கு உண்டு. நான் சொல்ல வந்ததே இதுதான்.

கிருமியே புகாத கூண்டில் வளர்த்த சுண்டெலிகளின் குடலைப் பார்த்திருக்கிறார்கள். குடற்சுவரில் எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் பேயர் திட்டுகள் சிறுத்துக் கிடந்தன. குடலைக் காக்கும் ஐஜிஏ என்ற புரதத்தைச் சுரக்கும் செல்கள் மிகக் குறைவு. பாக்டீரியாவைக் குடியேற்றியதும் அவை பெருகின. வெளியிலிருந்து வந்த ஓர் உயிர் தொட்டால்தான் உள்ளே இருப்பது விழிக்கிறது! இதை முதலில் படித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்குப் பருவமும் உண்டு. 2019-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிக்குட்டி பால் மறந்து தீனிக்கு மாறும் இரண்டு முதல் நான்கு வார வயதில், பெருகும் பாக்டீரியாவைக் கண்டு குடலின் எதிர்ப்பு ஒருமுறை பலமாகக் கிளம்புகிறது. அந்த நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அதைத் தடுத்தால், வளர்ந்த பிறகு குடல் அழற்சி எளிதில் பிடிக்கிறது. எலியின் வாரக் கணக்கை மாட்டுக்கு அப்படியே போடக் கூடாது. இளம் பருவத்தில் கைவைப்பது பின்னால் தாக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கோழி வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. பின்லாந்தில் எஸ்கோ நூர்மி என்பவர் வளர்ந்த கோழியின் குடலில் உள்ளதைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, சால்மொனெல்லா ஒட்டாமல் தடுக்கலாம் என்று 1973-ல் காட்டினார். முதலில் வந்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருவதற்கு இடமில்லை. ஹேச்சரிக் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. நம் நாட்டுக்கோழிக் குஞ்சு தாய் கிளறிய குப்பையிலேயே கொத்திப் பழகுகிறது.

இப்போது நம் கட்டுத்தறிக்கு வருவோம். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற முடியாது. வீணாக்க மனம் வராமல் கன்றுக்கு ஊற்றுகிறோம். அதில் மிச்சமிருக்கும் மருந்து, குடியேற வருகிற பாக்டீரியாவையே அடிக்கிறது. சாகாமல் தப்புவது மருந்துக்கு அடங்காத கிருமி. பிறகு கழிச்சல் என்று கன்றுக்கே ஊசி போடுகிறோம். எனக்கு இது பெரிய வேதனை.

மருந்து போடாத இன்னொரு மாட்டின் பாலைக் கன்றுக்குக் கொடுங்கள். ஊசிப் பாலைக் கிணற்றிலிருந்து தள்ளிக் குழிவெட்டி ஊற்றி மூடுங்கள். எத்தனை நாள் பாலை இப்படிக் கொட்ட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஊசி போடும்போதே டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.