கூடைக்கு அடியில் நின்றவர்

(கூடைப்பந்துப் போட்டியின் நிறைவு விழாவில் ஆற்றிய சிறப்புரை, எழுத்து வடிவில்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டாட்சியர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களே, ஆண்டு தவறாமல் சுழற்கோப்பை வழங்கிவரும் அரிசி ஆலை ஐயா அவர்களே, வெளியூரிலிருந்து வந்து சொந்த ஊர் ஆட்டம்போல நடத்திக்கொடுக்கும் நடுவர்களே, தாய்மார்களே, காலரியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் என் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் மேலே போகக்கூடாது. முந்தாநாள் ராத்திரி பெய்த மழையில் கோர்ட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. போட்டி நின்றுவிடுமோ என்று கமிட்டிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். விடிகாலை ஐந்தரை மணிக்கு நகராட்சிப் பணியாளர்களோடு தலைவரே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, தண்ணீரைத் தள்ளி, மணலைக் கூட்டி, கோடு போட்டு முடித்தபிறகுதான் வீட்டுக்குப் போனார். அந்தப் பணியாளர்கள் ஆறு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள். இன்னும் பலமாக! அரிசி ஆலை ஐயாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. இந்த ஊரில் டிரவுசர் போட்டு பந்து தட்டிய எவனும் அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் இருந்திருக்க மாட்டான்.

"பையன்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை பேசுங்கள் மாஸ்டர்" என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். டிக்கெம்பே முடோம்போ. ஆப்பிரிக்காவில், காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரத்தில் 1966-இல் பிறந்தவர். ஏழடி இரண்டங்குல உயரம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் பதினெட்டு சீசன் சென்டராக ஆடியவர். 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி, மூளைப் புற்றுநோயால், 58 வயதில் மறைந்தார். அவரைப் பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று அவருடைய ஆட்டம், இரண்டு அவருடைய படிப்பு, மூன்று அவர் கட்டிய மருத்துவமனை.

நம் வீட்டுக் கிழவிகள் ஒரு பழமொழி சொல்வார்கள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. முப்பத்தாறு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். கோர்ட் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் தாயையும் பார்த்திருக்கிறேன், அவளைத் திரும்பிப் பார்க்காமல் போகும் பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். பழமொழி பொய்யில்லை. ஆனால் முடோம்போவின் கதையில் அதே பழமொழிக்கு வேறொரு அர்த்தம் கிடைக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் ஆட்டம். சென்டர் என்றால் யார்? நம் பையன்கள் "போஸ்ட்" என்பார்கள். உயரமானவன், கூடைக்கு அடியில் நிற்கிறவன், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அது தப்பு. வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. எதிராளி எறிந்த பந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும்வரைதான் அதைத் தட்டலாம். கூடையை நோக்கி இறங்க ஆரம்பித்துவிட்டால் தொடக்கூடாது. தொட்டால் கூடை விழுந்ததாகவே கணக்கு. ஆக, சென்டருக்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். அந்த நேரத்துக்குள் எங்கிருந்தோ ஓடிவந்து ஒன்றும் செய்ய முடியாது. பந்து கிளம்பும்போதே அவன் அங்கே இருக்கவேண்டும். நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான்: ஓடிவந்து காப்பாற்றுகிறவன் சென்டர் இல்லை, முன்னாலேயே அங்கே நிற்கிறவன்தான் சென்டர். இதை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே வருவேன்.

முடோம்போ அப்படி நின்று தட்டிவிட்ட பந்துகள் 3,289. என்.பி.ஏ. வரலாற்றில் இரண்டாவது இடம். முதலிடத்தில் 3,830 பிளாக்குகளோடு இருக்கும் ஹக்கீம் ஒலாஜுவான் நைஜீரியாவில் பிறந்தவர். இரண்டு பேரும் ஆப்பிரிக்க மண்ணின் பிள்ளைகள்! ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது முடோம்போவுக்கு நான்கு முறை கிடைத்தது. 1995, 1997, 1998, 2001. பந்தைத் தட்டிவிட்டதும் வலது கை ஆட்காட்டி விரலை நீட்டி இப்படி, இப்படி ஆட்டுவார். நம் வீட்டில் பிள்ளை அடுப்புப் பக்கம் போனால் அம்மா விரலை ஆட்டுவாளே, அதேதான். "இங்கே வேண்டாம்" என்று அர்த்தம். பிறகு எதிராளி முகத்துக்கு நேரே ஆட்டக்கூடாது என்று ஃபவுல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவர் என்ன செய்தார்? கூட்டத்தைப் பார்த்து ஆட்டினார்!

1994-இல் நடந்த ஒரு கதையைச் சொல்லியே ஆகவேண்டும். நேரமாகிறது என்று கமிட்டிச் செயலாளர் என்னைப் பார்க்கிறார். பரவாயில்லை, பையன்கள் கேட்கட்டும்.

முடோம்போ அப்போது டென்வர் நக்கெட்ஸ் அணியில் இருந்தார். 1991-இல் அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுத்தபோது, அவரை நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்த அணி அது. அந்த சீசனில் 42 வெற்றி, 40 தோல்வி என்று தட்டுத்தடுமாறி மேற்குப் பிரிவில் எட்டாவது இடத்தைப் பிடித்து, தோற்றால் வெளியே போகும் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தார்கள். எதிரே அந்தப் பிரிவின் முதலிடத்து அணி, சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ். 63 வெற்றி, 19 தோல்வி. கேரி பேட்டன், ஷான் கெம்ப் என்று பெரிய பெரிய ஆட்கள். அதுவரை எட்டாம் இடத்து அணி எதுவும் முதலிடத்து அணியை வீழ்த்தியதே கிடையாது. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்கவேண்டும். முதல் ஆட்டம் சியாட்டிலில். டென்வர் தோற்றது. இரண்டாவதும் அங்கேதான். அதிலும் தோல்வி. ஊரெல்லாம் கதை முடிந்தது என்றது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மூன்றாவது ஆட்டம் டென்வரில். ஜெயித்தார்கள். சரி, சொந்த ஊரில் ஒன்று ஜெயித்தார்கள் என்று விட்டார்கள். நான்காவது ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்துக்குப் போய், அதிலும் ஜெயித்தார்கள். இப்போது இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டம் மறுபடியும் சியாட்டிலில், அந்த ஊர்க் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே. அதுவும் சமன்! அதுவும் கூடுதல் நேரம்! நினைத்துப் பாருங்கள், கால் மரத்துப்போயிருக்கும், மூச்சு தொண்டையில் நிற்கும், ஒவ்வொரு முறையும் எதிராளி கூடையை நோக்கிப் பாயும்போது அங்கே அந்த நெட்டைக் கை. அந்த ஐந்து ஆட்டத்தில் மட்டும் முடோம்போ தட்டிவிட்டது 31 பந்து. கடைசியில் 98-க்கு 94. எதிராளி எறிந்து தவறிய கடைசிப் பந்தைப் பிடித்தவரும் அவர்தான். பிடித்தபடியே தரையில் விழுந்தார். மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பந்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பு. அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியாது. அந்தப் படத்தை ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறைக் கதவின் உள்பக்கம் சோற்றுப்பசை தடவி ஒட்டினேன். ஓய்வு பெறும்வரை அது அங்கே இருந்தது. தோற்று வந்து மூலையில் உட்காருகிற பையனுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவேன். அவனே பார்த்துக்கொள்வான்.

பிறகு அட்லாண்டா, 2001-இல் பிலடெல்பியா அணிக்காக ஆடி இறுதிச் சுற்று, நியூஜெர்சி, நியூயார்க், கடைசியாக ஹூஸ்டன். 2009-இல், 42 வயதில், பிளே-ஆஃப் ஆட்டத்தில் முழங்கால் போய்த்தான் ஓய்ந்தார். 2015-இல் கூடைப்பந்தின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவருடைய 55-ஆம் எண் பனியனை அட்லாண்டாவிலும் டென்வரிலும் இனி யாரும் போடமுடியாது.

படிப்பைப் பற்றி நிறையப் பேசவேண்டும். 1987-இல் அமெரிக்க அரசின் உதவித்தொகையில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது டாக்டராகவேண்டும் என்றுதான் போனார். அங்கே பயிற்சியாளராக இருந்த ஜான் தாம்சன், தானும் ஒரு காலத்தில் சென்டராக ஆடியவர், இவர் உயரத்தைப் பார்த்து அணிக்கு இழுத்தார். மருத்துவம் கைநழுவியது. ஆனாலும் படிப்பை விடவில்லை. மொழியியலும் ராஜதந்திரமும் படித்துப் பட்டம் வாங்கினார். ஒன்பது மொழி பேசுவார். பெற்றோர்களே, விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று என்னிடம் வந்து சண்டை போட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். உங்களோடு தனியாகப் பேசுகிறேன். இன்றைக்கு என் மனம் மூன்றாவது விஷயத்தில்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. காங்கோவில் கலவரம். ஊரடங்கு. கின்ஷாசாவில் முடோம்போவின் தாய் பியாம்பா மரிக்குப் பக்கவாதம் வந்தது. மகன் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார். ஆனால் பாதை அடைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. தாய் வீட்டிலேயே போய்விட்டார்.

பணம் இல்லாமல் சாகவில்லை ஐயா. பிள்ளை இல்லாமல் சாகவில்லை. போய்ச்சேரும் தூரத்தில் ஆஸ்பத்திரி இல்லாமல் செத்தார்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. இந்தப் பிள்ளை அந்தக் கல்லை என்ன செய்தார் தெரியுமா? அடித்தளம் போட்டார்! கின்ஷாசாவின் மசீனா பகுதியில் 300 படுக்கை மருத்துவமனை. 2001-இல் பூமி பூஜை போட்ட மாதிரி மண்ணைத் தோண்டிவிட்டார்கள், 2004 வரை வேலை தொடங்கவில்லை. நன்கொடை வரவில்லை. சும்மா கிடக்கிறதே என்று அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. நிலத்தில் பயிர் வைத்திருந்த அகதிகளுக்குப் பணம் கொடுத்துத்தான் இடத்தை மீட்டார். மொத்தச் செலவு 2 கோடியே 90 லட்சம் டாலர். அதில் அவர் சொந்தக் கையிலிருந்து போட்டது ஒன்றரைக் கோடி டாலர். 2006-இல் திறப்பு விழா, 2007-இல் நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். பெயர்? பியாம்பா மரி முடோம்போ மருத்துவமனை. 2007 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் நாடாளுமன்ற உரையில் இவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மாடத்தில் உட்கார்ந்திருந்த இந்த ஏழடி மனிதர் எழுந்து நின்றார், சபையே எழுந்து கைதட்டியது. டாக்டராகப் போய் டாக்டராகாமல் திரும்பியவர், டாக்டர்கள் நிற்க ஓர் இடம் கட்டினார்.

தலைமை மருத்துவர் ஐயா இங்கே இருக்கும்போதே நான் இதைச் சொல்லவேண்டும். ஐயாமேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இருப்பதை வைத்து இரவு பகல் பாராமல் பார்க்கிறார், ஊருக்கே தெரியும். சில வருஷத்துக்கு முன்னால், என்னிடம் பந்து பழகிய பெண், பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. நானும் அவள் அண்ணனும் பைக்கில் போனோம். திரும்பும்போது ஐஸ் பெட்டி என் மடியில். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. ஒவ்வொரு பெட்டியாக எண்ணிக்கொண்டே நிற்கிறேன், முழங்கால் நடுங்குகிறது, பெட்டியின் குளிர் வேட்டியில் ஏறித் தொடையில் உறைக்கிறது. கேட் திறந்தது, போய்ச் சேர்ந்தோம், பெண் பிழைத்துக்கொண்டாள். கின்ஷாசாவில் கேட் திறக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் என்ன கேட்கிறேன்? 300 படுக்கை கேட்கவில்லை. நம் ஊர் மருத்துவமனையில் ஒரு ரத்த சேமிப்பு மையம். இரண்டு முதல் ஆறு டிகிரி குளிரில் வைக்கும் பெட்டி ஒன்று, கரண்ட் போனாலும் ஓட ஜெனரேட்டர், பயிற்சி பெற்ற டெக்னீஷியன். பெரிய ரத்த வங்கியிலிருந்து பைகளை வாங்கி இங்கே தயாராக வைத்திருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேலேயும் கெடாமல் இருக்கும். ரத்தம் தருவதற்கு ஆளா இல்லை? இந்த மைதானத்தைப் பாருங்கள். பதினெட்டு வயது தாண்டி, 45 கிலோவுக்கு மேல் இருக்கிற ஆரோக்கியமான யாரும் தரலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பந்து கிளம்பும்போதே அங்கே நிற்கவேண்டும் என்று சொன்னேனே, ரத்தமும் அப்படித்தான். நம் ஊர்க் கூடைக்கு அடியில் இப்போது யாரும் நிற்கவில்லை.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கும் சொல்கிறேன், இந்தப் பேச்சை யாராவது போனில் பிடித்து அனுப்புவீர்கள். தாய்க்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள். நல்லது. பெற்ற மனம் பித்து, உங்கள் பணத்தை அவள் தொடாமல் உங்களுக்கே சேர்த்து வைப்பாள். அவளுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு என்ன ஆகும் என்று யோசித்து, குளிர்பெட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் உங்கள் பங்கைக் கொடுங்கள். முடோம்போ 1996 ஒலிம்பிக்கில் தன் நாட்டுப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குச் சீருடையும் செலவும் கொடுத்தார்.

மாவட்ட ஆட்சியருக்கு மனு தயாராக இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தை நேற்றே போட்டுவிட்டார், வட்டாட்சியர் அவர்கள் தன் கையால் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தாள்கள் ஸ்கோரர் மேசையில் இருக்கின்றன, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ரத்த வகை எழுதும் நோட்டும் இருக்கிறது. இறுதி ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நடுவர் விசிலைக் கையில் எடுத்துவிட்டார். இரண்டு அணிப் பையன்களும் வார்ம்-அப் போவதற்கு முன் அந்த மேசைப் பக்கம் வந்து பெயர் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.