துட்டன்காமன்: பத்தாண்டு எடுத்த கண்டுபிடிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

1939 ஏப்ரலில் கெய்ரோ அருங்காட்சியகத்திலிருந்து பிபிசி வானொலி ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. பிரிட்டிஷ் ராணுவ வாத்தியக்காரர் ஒருவர் ஒரு வெள்ளி எக்காளத்தையும் ஒரு வெண்கல எக்காளத்தையும் ஊதிக் காட்டினார். இரண்டும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரு கல்லறைக்குள் கிடந்தவை. இன்றைக்கு எந்த அருங்காட்சியகத்திலும் இதற்கு அனுமதி கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. ஆனாலும் அந்த ஒலிப்பதிவைக் கேட்கக் கிடைத்தால் நான் விடமாட்டேன்!

அந்த எக்காளங்களின் சொந்தக்காரன்தான் துட்டன்காமன். கி.மு. 1332 வாக்கில், எட்டு ஒன்பது வயதில் எகிப்தின் அரியணையில் உட்கார்த்தப்பட்ட சிறுவன். அவனுடைய தந்தை அகெனாதென், பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு ஆதென் என்னும் சூரிய வட்டை வழிபாட்டின் மையமாக்கியவர். மகன் காலத்தில் பழைய தெய்வங்கள் திரும்பின. துட்டன்காதென் என்ற அவனுடைய பெயரும் துட்டன்காமன் ஆயிற்று. இதெல்லாம் ஒரு சின்னப் பையன் தானாக எடுத்த முடிவாக இருக்குமா? அரசவைப் பெரியவர் ஆய், படைத்தளபதி ஹோரெம்ஹெப் என்று இரண்டு பெரிய கைகள் பக்கத்திலேயே இருந்தன. இருபது வயதைத் தொடாமலே அவன் இறந்தபின், அந்த இருவருமே அடுத்தடுத்து அரசரானார்கள். அவன் பெயர் பொறித்த இடங்களில் ஹோரெம்ஹெப் தன் பெயரை ஏற்றிக்கொண்டார். பின்னால் வந்த அரசர் பட்டியல்களில் இந்தச் சிறுவனைக் காணோம்.

லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கில் அவனுடைய கல்லறை வாசலும் இப்படித்தான் மறைந்துபோனது. பிற்கால மன்னர் ஆறாம் ராம்சேஸுக்குக் கல்லறை குடைந்த காலத்தில், இந்த வாசலுக்கு மேலேயே கல்லையும் மண்ணையும் கொட்டி, குடிசைகளும் போட்டுவிட்டார்கள். 1922 நவம்பர் 4ஆம் தேதி, பிரிட்டிஷ் அகழ்வாராய்ச்சியாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் அந்தக் குடிசைகளின் அடித்தளத்தைப் பெயர்த்தபோது ஒரு படிக்கட்டு தென்பட்டது. மறுநாளே முத்திரையிட்ட கதவு. கார்ட்டர் என்ன செய்தார் தெரியுமா? படிகளைத் திரும்ப மண் போட்டு மூடினார். செலவுக்குப் பணம் கொடுத்த கார்னர்வான் பிரபு இங்கிலாந்திலிருந்து வந்து சேரும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம் காத்திருந்தார். என்னால் முடிந்திருக்காது.

நவம்பர் 26ஆம் தேதி, உள்கதவில் ஓட்டை போட்டு மெழுகுவர்த்தியை நீட்டிப் பார்த்த காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொசுக்கடி புண்ணாகி கார்னர்வான் இறந்ததும், கல்லறையைத் திறந்தவர்களை மன்னரின் சாபம் கொல்லும் என்று அதை வைத்துக் கட்டிய கதையும் அப்படியே. கார்ட்டர் அதன்பின் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதோடு சாபத்தை விட்டுவிடலாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பின் நடந்த வேலை. உள்ளே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், கட்டிலும் தேரும் பெட்டியுமாக ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எண் அட்டை வைத்து, ஹாரி பர்ட்டன் படம் எடுத்த பிறகுதான் அசைத்தார்கள். மணி கோத்த செருப்பு ஒன்று, பார்வைக்குப் புத்தம் புதிது. நூலோ மக்கிப்போயிருந்தது, தொட்டால் மணிகள்தான் கையில் வரும். ஸ்டவ்வில் பாரஃபின் மெழுகை உருக்கி, இருந்த இடத்திலேயே அதன்மேல் ஊற்றி, இறுகும்வரை பொறுத்திருந்து தூக்கினார்கள். இப்படியே பத்து வருஷம்!

திருடர்களும் தடயம் விட்டுப் போயிருந்தார்கள். அடக்கம் நடந்த சில காலத்திலேயே இருமுறை உள்ளே புகுந்திருக்கிறார்கள். தைல ஜாடிகளில் வழித்தெடுத்த விரல் தடம் அப்படியே இருந்தது. துணியில் முடிந்த தங்க மோதிரங்கள் சில, எடுத்துப்போக முடியாமல் ஒரு பெட்டிக்குள் கிடந்தன.

இவ்வளவு பொறுமைசாலியான கார்ட்டரை ஓர் இடத்தில் மன்னிக்க முடியவில்லை. மம்மியின்மேல் ஊற்றிய பிசின் இறுகி, சவப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தார்கள், இளகவில்லை. 1925இல் உடலைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். செருப்புக்குக் கிடைத்த மரியாதை அதைப் போட்டவனுக்குக் கிடைக்கவில்லை.

கல்லறைப் பொருள்கள் அநேகமாக எல்லாம் இப்போது கீஸா பிரமிடுகளுக்குப் பக்கத்தில், 2025 நவம்பரில் முறைப்படி திறந்த புதிய அருங்காட்சியகத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. போகிறவர்கள் பத்துக் கிலோ தங்க முகமூடியைத் தாராளமாகப் பாருங்கள். அப்படியே கைத்தடிகளையும் தேடுங்கள். சுமார் 130 தடிகள். இடது பாதக் கோளாறுக்காக ஊன்றி நடந்தவை என்கிறார்கள் சிலர். அதிகாரச் சின்னம் என்கிறார்கள் சிலர். அவற்றில் ஒன்று வெறும் நாணல். அதற்குத் தங்கப் பூண் போட்டு, மன்னர் தம் கையாலேயே வெட்டிய நாணல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண நாணலுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று கார்ட்டரே வியந்திருக்கிறார். பையன் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் தானே ஒடித்து, பத்திரப்படுத்தச் சொல்லியிருப்பான் என்பது என் கட்சி.

வணக்கம்.