4,800 ரூபாய்க்கு பிளாஸ்டிக்கா? நம்ம ஊரு கொட்டான் போதும் மக்களே! | மழைக்காலத் தவளை போட்டோ

வணக்கம் மக்களே! சத்தம் கேக்குதா? மைக்கைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் காட்டுறேன். கேட்டீங்களா? எல்லாம் நம்ம பெரிய தவளைங்க. ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம்னு போன வீடியோ பூரா புலம்பிக்கிட்டு இருந்தேன்ல, நேத்து ராத்திரி ஊத்து ஊத்துன்னு ஊத்திருச்சு. ஊருணியில தண்ணி படியேறிருச்சு. விடியக்காலையில போய்ப் பாத்தா ஆம்பளைத் தவளை அத்தனையும் பளீர் மஞ்சள். தொண்டைக்கு ரெண்டு பக்கமும் நீலப் பை உப்புது, சுருங்குது, உப்புது, சுருங்குது. மத்த நாள்ல பாத்தா பாசி கலர்ல சேத்தோட சேறா கிடக்கிற அதே தவளைதான். நல்ல மழை பேஞ்சாதான் இந்த வேஷம், அதுவும் கொஞ்ச நாள்தான்.

அதை எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். வந்த மெசேஜ்ல முக்காவாசி ஒரே கேள்வி. "அக்கா, என்ன கேமரா?" தவளை எவ்வளவு அழகுன்னு ஒருத்தர் கேக்கல. என்ன கேமரா, என்ன கேமரா, என்ன கேமரா. சொல்ல மாட்டேன் போங்க. பழைய கேமரா, செகண்ட் ஹேண்ட், 24 மெகாபிக்சல், ஸ்கிரீன்ல கீறல் வேற. பல்லி, ஓணான், தவளை எடுக்கணும்னு ஆசைப்படுற யாரும் காசை முதல்ல கேமராவுல கொட்டாதீங்க. வெளிச்சத்துல போடுங்க. அதுக்கப்புறம் லென்ஸ். கேமரா கடைசி.

ஏன் வெளிச்சம்னா, தவளைத் தோல் எப்பவும் ஈரம். வெறும் ஃபிளாஷை அடிச்சீங்கன்னா எண்ணெய் தடவின எவர்சில்வர் குடம் மாதிரி முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையா திட்டு விழும். அந்தத் திட்டுல ஒரு விவரமும் இருக்காது, எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் திரும்பி வராது. அதனால ஃபிளாஷ் முன்னாடி வெளிச்சத்தைப் பரப்பி விட ஒரு டிஃப்யூசர் வேணும். இதுலதான் எனக்கு வயிறு எரிஞ்சது. மேக்ரோவுக்குன்னே, அதாவது சின்ன உசிரைக் கிட்டப் போய்ப் பெருசா எடுக்கிறதுக்குன்னே விக்கிறாங்கன்னு ஆன்லைன்ல பாத்தேன். மடிச்சு வைக்கிற ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டு, ரெண்டு வெல்க்ரோ. விலை 4,800 ரூபாய். டெலிவரி தனி! 4,800க்கு எங்க அப்பத்தா ரெண்டு மாச மளிகையை முடிச்சிரும்.

ஆன்லைன் கார்ட்டுல போட்டேன், எடுத்தேன். மறுபடி போட்டேன், எடுத்தேன். அப்புறம்தான் ஒரு கல்யாண வீட்ல கொட்டானைப் பாத்தேன். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், எங்க செட்டிநாட்டுப் பக்கம் பனை ஓலையில பின்னுற கூடை. விசேஷத்துக்கு வெத்தலை பாக்கு, பலகாரம் எல்லாம் இதுல வச்சுத்தான் கொடுப்பாங்க. புவிசார் குறியீடே வாங்கின சாமான். இந்தா, பாருங்க. வாய் ஒரு சாண் அகலம். எடைன்னு ஒண்ணுமே இல்ல. என் கண்ணுக்கு அது கூடையாவே தெரியல, டிஃப்யூசராத்தான் தெரிஞ்சுச்சு.

பின்னுற ஆச்சிக்கிட்டயே போய் 250 ரூபாய்க்கு வாங்கினேன். 300 சொன்னாங்க, நான் சும்மா மூஞ்சியைத் தொங்கப் போட்டேன், குறைச்சிட்டாங்க. வாங்கின கையோட கத்தி கேட்டேன். "ஏத்தா, காசு கொடுத்து வாங்கி எவளாவது அடியை அறுப்பாளா?"ன்னு ஆச்சிக்கு ஒரே வருத்தம். ஃபிளாஷ் தலை நுழையணும் ஆச்சி, அடியில ஓட்டை வேணும்னேன். சிரிச்சுக்கிட்டே அவங்களே அளந்து, ஓலை பிரியாம அறுத்து, விளிம்பை மடிச்சுத் தச்சும் கொடுத்துட்டாங்க. அந்த விளிம்பைப் பாருங்க, கேமராவுக்குக் கிட்ட கொண்டு வரேன். ஃபோகஸ் ஆகுதா? ஆங். எவ்வளவு நெருக்கமா ஊசி போயிருக்கு பாத்தீங்களா? 4,800 ரூபாய் சாமான்ல இந்தத் தையல் இருக்குமா?

உள்ள என்ன பண்ணணும்னா, ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில மிச்சம் மீதி வெள்ளை ஸ்டிக்கர் கிடக்கும், அதை வாங்கி உள்பக்கம் முழுக்க ஒட்டணும். சார்ட் பேப்பர் வேண்டாம், மழைச்சாரல்ல ஊறிப்போயிரும். சாயம் போட்ட கொட்டான்னா கண்டிப்பா ஒட்டணும், இல்லாட்டி தவளை ரோஸ் கலர்ல வரும். வாய்க்கு வெள்ளை லைனிங் துணி. தையல் கடையில கேட்டா துண்டு கொடுப்பாங்க. ஃபிளாஷை இறுக்கிப் பிடிக்க சைக்கிள் டியூப்ல வெட்டின பட்டை. மொத்தச் செலவு 300 தாண்டல. தாண்டவே இல்ல மக்களே!

ஃபிளாஷை நான் கேமரா மேல மாட்டுறது இல்ல. சுருள் கேபிள் ஒண்ணு போட்டு, கொட்டானை இடது கையில பிடிச்சுக்குவேன். அப்பதான் தவளைக்கு மேல, பக்கத்துல, கொஞ்சம் பின்னாடின்னு வேணுங்கிற இடத்துக்குக் கொண்டு போகலாம். கிட்டப் போகப் போகத்தான் வெளிச்சம் மெத்துன்னு விழும். ஒரு சாண் வாய் உள்ள கொட்டானை ஒரு சாண் தூரத்துல வச்சா சின்னத் தவளைக்கு அது வானம். அதையே ரெண்டு மீட்டர் தள்ளி வச்சா சின்னப் புள்ளி, பழையபடி திட்டு விழும். ஊருணி நடுவுல கத்துற பெரிய தவளைக்கு அதனால கொட்டான் பிரயோஜனமே இல்ல. அதை மேகமூட்ட வெளிச்சத்துல, தூரத்துல இருக்கிறதை இழுத்துக் காட்டுற 300 எம்எம் லென்ஸ் போட்டு, கடைசிப் படியில குப்புறப் படுத்து எடுத்தேன். அந்த மஞ்சள் இருக்கே, பொல்லாத மஞ்சள். கேமரா பாட்டுக்கு விட்டா மஞ்சள் வெந்து வழவழன்னு ஆயிரும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைங்க (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதி), கேமரா ஸ்கிரீன்ல வெளிச்ச அளவைக் காட்டுற ஹிஸ்டோகிராம்ல சிவப்புக் கோடு வலது ஓரத்துல முட்டுதான்னு பாருங்க. வெள்ளைக் கோட்டை மட்டும் பாத்தா ஏமாத்தும்.

செட்டிங் கேப்பீங்க. மேனுவல் மோட், ஷட்டர் வேகம் 1/200, எஃப் 11 (லென்ஸ் ஓட்டையோட அளவு, எண்ணு கூடக் கூட ஓட்டை சின்னதாகும்), ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷும் மேனுவல்ல 1/16 பவர்ல ஆரம்பிச்சு கூட்டிக் குறைச்சுக்கங்க. ஃபிளாஷ் பவர் குறையக் குறைய அது மின்னுற நேரமும் குறையும், அதனால தவளை துடிச்சாலும் உறைஞ்சு நிக்கும். எல்லாம் ஷார்ப்பா வரணும்னு எஃப் 22க்குப் போகாதீங்க. 1:1, அதாவது பொருளோட நிஜ அளவே சென்சார்ல விழுற மாதிரி பெருசாக்கி எடுக்கிறப்ப எஃப் 11ங்கிறதே நடைமுறையில எஃப் 22 வேலையைத்தான் செய்யும். அதுக்கு மேல மூடினா படம் பூராவும் மந்தமாயிரும். எஃப் 11ஐ வச்சுக்கிட்டு கண்ணுல ஃபோகஸ் பண்ணுங்க. கண்ணு ஷார்ப்பா இருந்தா பின்னங்கால் மங்கினாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். கொட்டான் வாய்த் துணி ஒரு மடிப்பு பத்தாது. ரெண்டு மடிப்பு போடுங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல்கடை இடைவெளி விடுங்க. நடு மையத்துல மட்டும் இன்னொரு சின்னத் துண்டு. ஃபிளாஷுக்கு நேரா இருக்கிற அந்த இடம்தான் எப்பவும் பளிச்சுனு எரியும், அதை அடக்கணும். தவளைக் கண்ணைப் பெருசு பண்ணிப் பாருங்க, உங்க டிஃப்யூசர் அதுல அப்படியே தெரியும். என் படத்துல வட்டமா, ஓரம் மெல்லக் கரைஞ்சு தெரியுது பாருங்க. லென்ஸைச் சுத்தி மாட்டுற ரிங் லைட்காரங்க படத்துல கண்ணுக்குள்ள ஒரு வளையல் கிடக்கும். எனக்கு அது ஆகவே ஆகாது. பேய் படம் எடுக்கிறவங்க வேணா ரிங் லைட் வாங்குங்க.

தாடைக்கு அடியில இருட்டடிச்சா, வீட்ல கிடக்கிற வெள்ளை எனாமல் தட்டை முன்னாடி தரையில சாய்ச்சு வைங்க. வேலை முடிஞ்சுது.

இப்ப லென்ஸ். முதல் லென்ஸ்னா 90 இல்ல 100 எம்எம் மேக்ரோ, பழசே போதும். அதுக்கும் காசு இல்லேன்னா இருக்கிற ஜூம் லென்ஸ் முன்னாடி மாட்டுற ரேனாக்ஸ் டிசிஆர் 250. அது 8 டயாப்டர் சக்தி உள்ள பூதக்கண்ணாடி, சின்னதா கிளிப் மாதிரி மாட்டிக்கலாம். ஆனா அதை மாட்டினா 12 செண்டிமீட்டர் கிட்டத்துக்குப் போயாகணும். தவளைக்குச் சரி. விரியனுக்கு? செத்தோம். 100 எம்எம் மேக்ரோவுலயும் 1:1க்குப் போனா லென்ஸ் மூக்குக்கும் பொருளுக்கும் ஏறக்குறைய 15 செண்டிமீட்டர்தான். நம்ம செம்மண் காட்டுல சுருட்டை விரியன் இருக்கு, செதிலைச் செதிலோட உரசி சரசரன்னு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டா படத்தை மறந்துட்டு பின்னாடி வாங்க. பாம்புக்கு நான் 70-300தான், அதோட, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப். குறைஞ்சது பாம்போட நீளத்தை விட அதிகமான தூரத்துல நிப்பேன். பச்சைப்பாம்பு மட்டும் விதிவிலக்கு, அதுக்கு விஷப்பல்லு வாயோட பின்பக்கம், மனுஷன் உயிருக்கு ஆபத்து இல்ல. கண்ணைக் கொத்தும்னு அப்பத்தா இன்னும் நம்புது, அது வேற கதை. அதோட கண்ணுப் பாப்பா படுக்கை வாட்டத்துல இருக்கும், அதைப் பக்கவாட்டுல எடுங்க. மூக்கு நுனியும் கண்ணும் ஒரே நேர்கோட்டுல வந்துரும், ரெண்டும் ஷார்ப்.

விசிறித் தொண்டை ஓணானுக்கும் 300தான். கோடையில, வெயில் ஏற ஆரம்பிச்சதும், ஆம்பளை ஒரு கல்லு மேல ஏறித் தொண்டையை விரிச்சுக் காட்டும். ஷட்டர் வேகம் 1/1000க்குக் கீழ இறங்காதீங்க. ட்ரைபாட் வேண்டாம், அது தரை மட்டத்துக்கு வராது. மஞ்சப்பையில கேப்பையை நிரப்பிக் கட்டுங்க, அது மேல லென்ஸை வைங்க. நின்னுக்கிட்டு மேல இருந்து எடுக்கிற ஓணான் படத்தை நான் லைக் பண்றதே இல்ல, தெரிஞ்சவங்களா இருந்தாலும் சரி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வர்ற பறவைக்காரங்க பெரிய பெரிய லென்ஸோட அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க, நான் தரையில தவழ்ந்து போவேன். "என்னம்மா தொலைச்சுட்டீங்க?"ன்னு ஒரு சார் கூடவே தேட ஆரம்பிச்சுட்டாரு.

அப்புறம், ஒரு விஷயத்துல எனக்கு ரத்தம் கொதிக்கும். தவளையை ஃப்ரிட்ஜுல வச்சு மந்தமாக்கி எடுக்கிறவங்க இருக்காங்க. பாம்பு கழுத்தை நசுக்கிப் பிடிச்சு வாயைத் திறந்து எடுக்கிறவங்களும் இருக்காங்க. அதெல்லாம் போட்டோவே இல்ல. பாம்பைப் பிடிக்கிறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் வேற. அந்தப் படத்தை எனக்கு டேக் பண்ணினா பிளாக்தான், போன வருஷம் செஞ்சேன்ல.

எல்லாத்துக்கும் கேமரா வேணும்னும் இல்ல. எங்க வீட்டுத் தண்ணித் தொட்டிச் சுவத்துல மரத்தவளை நுரைக்கூடு கட்டியிருக்கு பாருங்க. தண்ணிக்கு மேல இருக்கும், தலைப்பிரட்டை பொரிஞ்சு அப்படியே கீழ தண்ணியில விழும். இதுக்கு போன்தான் ராஜா. 0.5 வைடு போட்டு, கிட்டக்கக் கொண்டு போனீங்கன்னா தவளையும் வரும், பின்னாடி முற்றம், தூண், வளவு எல்லாம் வரும். மேக்ரோ லென்ஸ்ல எடுத்தா அது எந்த ஊரு தவளைன்னு யாருக்குத் தெரியும்? ஆனா தவளை தரையில உக்காந்தா உஷார். எங்க பக்கத்து ஆத்தங்குடித் தரை ஓடு கண்ணாடி மேல வார்க்கிறது, அதனால முகம் பாக்கிற வழவழப்பு, ஃபிளாஷ் அப்படியே அதுல உக்காந்துரும். கொட்டானைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போங்க, இல்ல ஃபிளாஷை அணைச்சுட்டு முற்றத்து வெளிச்சத்துலயே எடுங்க. லென்ஸ் முன்னாடி போலரைசர் ஃபில்டர் போட்டா ஓட்டுப் பளபளப்பு குறையும், ஆனா ஒண்ணரை, ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னுரும். தவளை மேல பளபளப்பு மொத்தமாப் போற அளவுக்குத் திருகாதீங்க. காஞ்ச தவளை பாக்கச் சகிக்காது.

இன்னொண்ணு, கொசுக் களிம்பு. கண்மாய்க் கரையில கொசு பிச்சுத் திங்கும், தெரியும். ஆனா களிம்பு தடவின கையால தவளையைத் தொடவே கூடாது. அது தோலாலதான் தண்ணி குடிக்கும், மூச்சும் விடும், கையில இருக்கிறது அத்தனையும் உள்ள போயிரும். முழுக்கைச் சட்டை போடுங்க. காலுக்கு பூட்ஸ், ராத்திரி கட்டுவிரியன் நடமாடும். கடிச்சா மந்திரம், வேப்பிலைன்னு உக்காராம 108ஐக் கூப்பிட்டு ஜிஎச் போங்க. ஒரு கண்மாயில இருந்து இன்னொண்ணுக்குப் போறப்ப பூட்ஸைக் கழுவிக் காயப் போடுங்க, தவளை நோய் அந்தச் சேத்தோட போகும்.

எந்த ஊருணின்னு கமெண்ட்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். படத்துல இருக்கிற ஜிபிஎஸ்ஸையும் அழிச்சுட்டுத்தான் போடுறேன், நீங்களும் அழிங்க. மண்ணுளிப் பாம்பைத் தேடி அலையுற கூட்டம் இந்தப் பக்கம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். நட்சத்திர ஆமையை 2019லேயே சைட்டீஸ்ங்கிற உலக வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல சேத்து உலக வியாபாரத்துக்கே தடை போட்டாச்சு, இன்னும் கடத்தல் நிக்கல.

கொட்டான் எங்க வாங்கலாம்னு மட்டும் கேளுங்க, ஆச்சிக்கிட்டக் கேட்டுட்டு அடுத்த வீடியோவுல சொல்றேன். அடியில ஓட்டை போட்டே வேணும்னா 20 ரூபாய் கூடவாம். சரி, டபுள் ஏ பேட்டரி நாலையும் சார்ஜ்ல போடணும், ராத்திரிக்கு மழை இருக்குன்னு சொல்றாங்க. வரட்டா!