பூட்டானுக்குப் புறப்படும் முன்

டில்லித் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கமெல்லாம் ஒரே பேச்சு: "பூட்டானுக்கு விசாவே வேண்டாமாமே, டிக்கெட் போட்டுவிடலாமா?" விசா வேண்டாம் என்பது சரி. ஆனால் பர்மிட் கட்டாயம் வேண்டும். அது போக, பூட்டான் அரசுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டும். ஓட்டல், சாப்பாடு, வண்டி எல்லாம் தனி.

1974இல்தான் பூட்டான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. கூட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அன்று முதல் உறுதியாக இருக்கிறார்கள். ஆனாலும் நம்மிடம் 2020 வரை இந்தக் கட்டணத்தை வாங்கவில்லை. கொரோனாவுக்குப் பின் 2022 செப்டம்பர் 23 அன்று எல்லை மறுபடி திறந்தபோதுதான் நம்மிடமும் இதை வாங்க ஆரம்பித்தார்கள். மற்ற நாட்டவருக்கு அப்போது இரவுக்கு 200 டாலர் என்று வைத்தார்கள், 2023 செப்டம்பரில் 100 டாலராகக் குறைத்தார்கள். அவர்களுக்கு விசாக் கட்டணம் 40 டாலர் வேறு.

ஒரு குடும்பக் கணக்கைப் பார்ப்போம். கணவன், மனைவி, பாட்டி, ஒன்பது வயதுக் குழந்தை, ஐந்து இரவு. பெரியவர்கள் மூவருக்கு 18,000. ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்பதால் குழந்தைக்கு 3,000. ஆக 21,000 ரூபாய். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணமே இல்லை. பூட்டானின் நாணயமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் சம மதிப்பு, அதனால் இந்தக் கணக்கு மாறாது. டில்லியிலிருந்து காரிலேயே போய்விடலாம் என்று நினைப்பவர்கள், இந்திய வண்டிக்கு ஒரு நாளைக்கு 4,500 ரூபாய் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இன்று பல வீடுகளில் அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருக்கலாம், ஆனால் பூட்டான் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான். தாத்தாவுக்கு 1,200 ரூபாய், கூட வரும் இருபது வயதுப் பேரனுக்கு 100 டாலரும் விசாவும். இதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் எத்தனை இரவு தங்குவது என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

இவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா? வேண்டும் என்பேன். காடு எப்போதும் நாட்டின் நிலப்பரப்பில் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு அது. கங்கார் புவென்சும் என்று 7,570 மீட்டர் உயர மலை ஒன்று அங்கே இருக்கிறது. அதன் உச்சியை இதுவரை யாரும் தொட்டதில்லை. 2003 முதல் மலையேற்றத்தையே முழுதாகத் தடை செய்துவிட்டார்கள். மக்களுக்கு மருத்துவமும் பள்ளிப் படிப்பும் இலவசம், அதற்கும் இந்தக் கட்டணம் போகிறது. ஜூன் மாதத்தில் முசோரிக்கும் மணாலிக்கும் போய், மலைப்பாதையில் மணிக்கணக்காக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படி ஆகிவிடாமல் ஒரு சிறு நாடு தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது. எனக்கு அதன்மீது பெரிய மரியாதை உண்டு.

பணத்தைவிட நம்மவர்களைத் தடுமாற வைப்பது அடையாள அட்டைதான். பூட்டானில் ஆதார் செல்லாது. குறைந்தது ஆறு மாதம் காலாவதி ஆகாத பாஸ்போர்ட் வேண்டும், இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை வேண்டும். பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும், பெற்றோருடன் வர வேண்டும். வேலைக்காக டில்லி வந்து வாடகை வீட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு வாக்காளர் அட்டை ஊரிலேயே, அப்பாவின் பீரோவில் இருக்கும். அப்புறம் நம் இனிஷியல். அட்டையில் ஒரு விதம், விமான டிக்கெட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு விதம் என்று இருந்தால் விமான நிலையத்திலேயே கேள்வி வரும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து டிக்கெட் எடுங்கள்.

பர்மிட்டுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ரயிலில் மேற்கு வங்கத்தின் ஹாசிமாரா போய், அங்கிருந்து ஜெய்காவ் வழியாக நுழைபவர்கள் பூட்டான் பக்கத்து எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கிலும் வாங்கலாம். ஆனால் வயதானவர்களை அங்கே வரிசையில் நிற்க வைக்காதீர்கள். விமானத்தில், பூட்டானின் விமான நிலையம் இருக்கும் பாரோவுக்குப் போகிறவர்கள் இடதுபக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், வானம் தெளிவாக இருந்தால் இமயம் முழுக்க அந்தப் பக்கம்தான். இறங்கியதும் கடிகாரத்தை அரை மணி முன்னே வையுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருவதாக இருந்தால், வாக்காளர் அட்டையைக் கையோடு எடுத்துவரச் சொல்லி இன்றே ஒரு போன் போடுங்கள். வணக்கம்.