ஆங்கிலத்தில் 'ஆஸ்… ஆஸ்': இடம் மாறினால் பொருளும் மாறும்

திரையில்: பினாங்கின் இரண்டு கடற்பாலங்கள், மேலிருந்து எடுத்த காட்சி.

வணக்கம். மலேசியாவின் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இந்த வீடியோ, ஆங்கிலத்தில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும் 'ஆஸ்… ஆஸ்' பற்றி. வேலையிடத்தில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்களும் கூடவே பாருங்கள், உங்களுக்கும் உதவும்.

பிறையையும் குளுகோரையும் இணைக்கிற பழைய பாலம் 1985இல் திறந்தது, நீளம் 13.5 கிலோமீட்டர். 'பத்து காவான்' என்ற ஊரிலிருந்து 'பத்து மாவ்ங்' என்ற ஊருக்கு வரும் இரண்டாவது பாலம் 2014இல் திறந்தது, அது 24 கிலோமீட்டர். இப்போது இந்த இரண்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

திரையில்: "தி ஓல்ட் பிரிட்ஜ் இஸ் நாட் ஆஸ் லாங் ஆஸ் தி நியூ பிரிட்ஜ்."
திரையில்: "தி நியூ பிரிட்ஜ் இஸ் நாட் ஆஸ் லாங் ஆஸ் தி ஓல்ட் பிரிட்ஜ்."

இரண்டிலும் அதே சொற்கள்தான், ஒன்றுகூட கூடவில்லை, குறையவில்லை. ஆனால் முதலாவது உண்மை, இரண்டாவது பொய். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் முன்னால், எதை அளவுகோலாக வைக்கிறோமோ அது இரண்டாவது ஆஸுக்குப் பின்னால். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது, அவர்களைத் திட்டாதீர்கள். தமிழில் 'பழைய பாலம் புதிய பாலத்தின் அளவுக்கு நீளமில்லை' என்றாலும் 'புதிய பாலத்தின் அளவுக்குப் பழைய பாலம் நீளமில்லை' என்றாலும் ஒரே பொருள்தான், ஏனென்றால் 'அளவுக்கு' என்பது அளவுகோலோடு ஒட்டிக்கொண்டு அது போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஒரு ஒட்டு இல்லை, அது நிற்கும் இடம்தான் அந்த வேலையைச் செய்கிறது. மலாயிலும் அப்படித்தான்: 'அலி தீடாக் செதிங்கி அபு' என்றால் குட்டை அலிதான், அதில் யாரும் குழம்புவதில்லை.

சரி, 'நாட்' இல்லாத வாக்கியத்தில் இடம் மாற்றினால் என்ன ஆகிவிடும், இரண்டும் சமம்தானே என்று கேட்பீர்கள். கணக்கில் சமம்தான், பேச்சில் இல்லை.

திரையில்: "மை பிரதர் இஸ் ஆஸ் டால் ஆஸ் மை ஃபாதர்."

தம்பி வளர்ந்துவிட்டான், அப்பா உயரத்துக்கு வந்துவிட்டான் என்பது செய்தி. இதையே திருப்பி, அப்பா தம்பி அளவுக்கு உயரம் என்றால், அப்பாவின் உயரத்தைத் தெரியாதவரிடம் தம்பியைக் காட்டி விளக்குவது மாதிரி ஆகிவிடும். அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியல் அறிஞர் 1977இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் இதைத்தான் காட்டினார்: வட கொரியா சீனாவைப் போன்றது, சீனா வட கொரியாவைப் போன்றது, இதில் எதைச் சொல்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் முதலாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெரியது, நன்றாகத் தெரிந்தது, அதுதான் அளவுகோலாக நிற்கும்.

இன்னொன்று. 'நாட் ஆஸ் லாங் ஆஸ்' என்றால் சமமில்லை என்று மட்டும் பொருள் இல்லை, குறைவு என்று பொருள். நீளம் கூடுதலாக இருப்பதைச் சொல்ல இது ஒருபோதும் வராது.

மடங்கு சொல்வதானால் அது முதல் ஆஸுக்கு முன்னால் வரவேண்டும். புதிய பாலத்தைப் பற்றி "ஆல்மோஸ்ட் ட்வைஸ் ஆஸ் லாங் ஆஸ் தி ஓல்ட் ஒன்" எனலாம், 24ஐ 13.5ஆல் வகுத்தால் 1.8க்குப் பக்கத்தில் வருகிறது. 'ஆஸ் ட்வைஸ் லாங்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றை வைத்து ஒரே ஒரு சொல் ஒரு படி நகர்வதைப் பாருங்கள்.

திரையில்: "திஸ் நாசி கண்டார் இஸ் ஜஸ்ட் நாட் ஆஸ் குட் ஆஸ் தட் ஒன்."
திரையில்: "திஸ் நாசி கண்டார் இஸ் நாட் ஜஸ்ட் ஆஸ் குட் ஆஸ் தட் ஒன், இட் இஸ் பெட்டர்."

முதலாவது, என்ன சொன்னாலும் இந்தக் கடை அந்தக் கடை அளவுக்கு வராது. இரண்டாவது, அந்த அளவுக்கு நல்லது என்று மட்டும் நிறுத்தாதே, அதற்கும் மேல். குறை பாராட்டாகிவிட்டது! 'நாட்' தனக்குப் பின்னால் வருவதைத்தான் மறுக்கும். முதல் வாக்கியத்தில் அது சமத்தையே மறுக்கிறது, இரண்டாவதில் 'ஜஸ்ட்'டை, அதாவது 'அவ்வளவுதான்' என்பதை மறுக்கிறது. வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது இந்த இரண்டு சொல்லும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், அந்த 'ஆஸ்… ஆஸ்' துண்டு முழுவதையும் வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோனால் சில சமயம் ஒப்பீடே மறைந்துவிடும்.

திரையில்: "ஆஸ் டால் ஆஸ் ஹி இஸ், ஹி கான்ட் ரீச் தி ஃபேன்."

இங்கே யாரோடும் யாரையும் ஒப்பிடவில்லை. அவ்வளவு உயரமாக இருந்தும் ஃபேன் எட்டவில்லை, அவ்வளவுதான். முதல் ஆஸை விட்டுவிட்டு 'டால் ஆஸ் ஹி இஸ்' என்றும் எழுதுவார்கள், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதுதான் அதிகம். காம்ப்ரிஹென்ஷன் பகுதியில் இது வந்தால் 'இருந்தும்' என்று மனதுக்குள் வைத்துப் படியுங்கள்.

கட்டுரையில் அழகாக உட்காரும் ஒரு வரிசையும் உண்டு: "ஷி இஸ் ஆஸ் குட் அ டீச்சர் ஆஸ் ஹெர் மதர்." குட் முன்னால், 'அ' நடுவில். 'ஆஸ் அ குட் டீச்சர்' என்று மாற்றினால் 'நல்ல ஆசிரியராக' என்ற வேறு பொருளுக்குப் போய்விடும்.

கடைசியாக, இடம் சரியாக இருந்தும் பொருள் இரண்டாகப் பிரியும் ஒரு வாக்கியம்.

திரையில்: "ஐ மிஸ் கவிதா ஆஸ் மச் ஆஸ் யூ."

நீ கவிதாவை நினைத்து ஏங்குகிற அளவுக்கு நானும் ஏங்குகிறேன் என்றும் படிக்கலாம், உன்னை நினைத்து ஏங்குகிற அளவுக்குக் கவிதாவையும் நினைத்து ஏங்குகிறேன் என்றும் படிக்கலாம். தமிழில் 'நீ', 'உன்னை' என்று உருபு காட்டிக் கொடுத்துவிடும், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ'தான். அதனால் முதல் பொருளுக்கு "ஆஸ் மச் ஆஸ் யூ டூ", இரண்டாவதற்கு "ஆஸ் மச் ஆஸ் ஐ மிஸ் யூ" என்று முழுதாக எழுதிவிடுங்கள்.