கப்பலுக்கு ஒரு மாதம், கெடுவோ 21 நாள்

வணக்கம், நேயர்களே. திருப்பூரில் ஒரு டீ-ஷர்ட் ஆர்டர் உறுதியாகி, நூல் வாங்கி, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் முடிந்து பெட்டி கட்ட 90 முதல் 120 நாள் பிடிக்கும். 2025 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்கு மீது கூடுதலாக 25 சதவீத வரி விதித்து ஆணையிட்டது. அது அமலுக்கு வரக் கொடுத்த அவகாசம் 21 நாள்.

ஒரே ஒரு டீ-ஷர்ட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம். கப்பலேற்றித் தரும் விலை, அதாவது எப்.ஓ.பி. விலை, 5 டாலர். பருத்தி டீ-ஷர்ட்டுக்கு அங்கே வழக்கமான வரியே 16.5 சதவீதம், ஏறக்குறைய 82 சென்ட். 2025 ஆகஸ்ட் 7 முதல் அதன்மேல் 25, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 ஏறியது. ஆக அப்போது மொத்தம் 66.5 சதவீதம், 3 டாலர் 32 சென்ட். சட்டப்படி அதைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். ஆனாலும் பையரிடமிருந்து, அதாவது நம்மிடம் சரக்கு வாங்கும் அந்த நிறுவனத்திடமிருந்து, முதலில் வருவது டிஸ்கவுன்ட் கேட்கும் மெயில்தான். 10 சதவீதம் குறைத்தால் சட்டைக்கு 50 சென்ட் போகும். பல யூனிட்டுகளில் லாபமே அவ்வளவு நிற்பதில்லை.

குறைப்பதாக இருந்தால் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்காக நம் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம், போடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். சரக்கு போன பிறகு குறைத்தால் வங்கியின் ஒப்புதல் வேண்டும். வாங்கிய ஏற்றுமதிச் சலுகையையும் அந்த விகிதத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இது தெரியாமல் மெயிலில் 'சரி' என்று எழுதிவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் இழப்பவர்கள் உண்டு.

அமெரிக்காவின் அந்த ஆகஸ்ட் 6 ஆணையில், வழியில் இருக்கும் சரக்குக்கு விலக்கும் இருந்தது. நிபந்தனை இரண்டு: ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலேறியிருக்க வேண்டும், செப்டம்பர் 17க்கு முன் அங்கே சுங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பலர் முதல் தேதியை மட்டும் பார்த்து, ஓவர்டைம் போட்டு, பெட்டிகளைத் தூத்துக்குடிக்கு விரட்டினார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய், தாய்க்கப்பலுக்கு, அதாவது நெடுந்தூரம் போகும் பெரிய கப்பலுக்கு, மாறி, அமெரிக்கக் கரை சேர ஒரு மாதத்துக்குக் குறையாது. அப்படியானால் ஆகஸ்ட் பாதிக்குப் பிறகு ஏற்றிய சரக்குக்கு அந்த விலக்கு எட்டவே எட்டாது. விலக்கு என்றதும் இறங்கும் துறைமுகத்திலிருந்து நாளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் நீக்கினார்கள். நல்ல முடிவு. ஆனால் முதலில் சொன்ன கெடு செப்டம்பர் 30, ஆறே வாரம். பிரேசிலில் இன்று பேசிய பஞ்சு அதற்குள் இங்கே வந்து சேருமா? பிறகு டிசம்பர் 31 வரை நீட்டியதால்தான் மில்களால் புதிதாக ஆர்டர் போட முடிந்தது. அந்தப் பஞ்சு நூலாகி நிட்டிங் மிஷினுக்கு வர இன்னும் நாளாகும்.

உற்பத்தியாளர் கையில் இருப்பது, சரக்கை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்ற முடிவு. 10,000 டீ-ஷர்ட், ஒன்று 150 கிராம் என்றால் தைத்த எடை ஒன்றரை டன். சாயப்பட்டறைச் சேதாரமும் கட்டிங் வேஸ்ட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 2 டன் நூல். 30ஸ் கோம்டு என்ற சீவிய மெல்லிய நூலில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சி, அதாவது டீ-ஷர்ட்டுக்கான பின்னல் துணி, சாயம் ஏறாத கிரே துணியாக இருக்கும்வரை வேறு பையருக்கும் ஆகும். நேவி சாயம் ஏறி, பிரின்ட் விழுந்து, டாலர் விலை போட்ட டேக் தொங்கிவிட்டால் அது அந்த ஒரே பையரின் சொத்து. வரி விஷயம் ஆடிக்கொண்டிருக்கும்போது, பையர் மறுபடி எழுத்தில் உறுதி செய்யும்வரை துணியைச் சாயத்துக்கு அனுப்ப வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் அடுக்கியும் வைக்காதீர்கள். நிட்டிங் எண்ணெய்க் கறை ஊறிவிட்டால் வாஷில் போகாது, சாயத்தில் திட்டாகத் தெரியும். விலை டேக்கைக் கடைசி வாரத்தில் அச்சடித்தால் போதும்.

ஆர்டர் ஷீட்டில் ஒரு வரி கூடுதலாகக் கேளுங்கள்: ஆர்டருக்குப் பின் இறக்குமதி வரி மாறினால் அது யார் பொறுப்பு, பகிர்வதென்றால் யாருக்கு எத்தனை சதவீதம். பெரிய பையர் மறுக்கலாம். மறுத்தால் சாயத்துக்கு முன்பே 30 சதவீத அட்வான்ஸாவது கேளுங்கள்.